பழைய துப்பாக்கி யார் கைக்குப் போகிறது?

காஞ்சிபுரம் என்றதும் பட்டுப்புடவையும் கோயில்களும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அந்த ஊர்க் கோயில் குளம் ஒன்றில் ஆங்கிலேயர்கள் தங்களுடைய பீரங்கிகளைத் தாங்களே தள்ளிவிட்டு ஓடிய கதை பலருக்குத் தெரியாது.

1780 செப்டம்பர் மாதம். மைசூர் ஹைதர் அலியின் படை ஆற்காட்டுச் சீமை முழுக்கப் பரவியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி ஹெக்டர் மன்றோ பெரிய படையுடன் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தார். 1764ல் பக்சார் போரில் ஜெயித்தவர் இவர்தான். அவரோடு சேர்ந்துகொள்ள கர்னல் பெய்லி குண்டூர்ப் பக்கத்திலிருந்து தன் படையோடு வந்துகொண்டிருந்தார். காஞ்சிக்குச் சில மைல் தூரத்தில், புள்ளலூரில், செப்டம்பர் 10ம் தேதி பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் சுற்றி வளைத்து அழித்தார்கள். பெய்லி கைதியானார், 1782ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே செத்தும் போனார். செய்தி தெரிந்ததும் மன்றோ காஞ்சியைக் காலி செய்துகொண்டு செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பினார். கிளம்பும் முன், இழுத்துப்போக முடியாத கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் போட்டுவிட்டார்.

ஏன் போட்டார்? விட்டுவிட்டுப் போனால் அவை ஹைதர் கைக்குப் போய்விடும். தனக்கு உதவாத ஆயுதம் அடுத்தவனுக்கு உதவிவிடக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

இந்தக் கணக்கு 1780ல் முடிந்துவிடவில்லை. ராணுவம் கழித்துப்போட்ட பழைய துப்பாக்கிகளின் வரலாறு முழுக்க இதே கேள்விதான் வருகிறது: மிச்சமானதை யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்கக் கூடாது?

தேய்மானம் இல்லாத சரக்கு

காஞ்சிபுரத்தில் பழைய பட்டுப்புடவைக்கும் விலை உண்டு. கிழிந்து போனாலும் ஜரிகையில் இருக்கும் வெள்ளிக்காக எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள். வணிகவியல் பாடத்தில் இதற்குப் பெயர் எச்ச மதிப்பு. ஒரு பொருள் தேய்ந்து, பயன் முடிந்து, கடைசியில் கைக்குக் கிடைக்கும் மிச்சக் காசு.

துப்பாக்கி இந்தக் கணக்குக்கு அடங்காது. ராணுவம் ஒரு துப்பாக்கியைக் கழிப்பது பெரும்பாலும் அது கெட்டுப்போனதால் அல்ல, எதிரியிடம் அதைவிட வேகமானது வந்துவிட்டதால். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தால் நூறு வருடத்துத் துப்பாக்கியும் நேற்றுச் செய்தது போலவே சுடும். அதனால்தான் ஒவ்வொரு பெரிய யுத்தம் முடிந்த பிறகும் லட்சக்கணக்கான துப்பாக்கிகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. அமெரிக்காவிலும் கனடாவிலும் குறி பார்த்துச் சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் மத்தியில் ஒரு கேள்வி பல தலைமுறைகளாக உண்டு: ராணுவம் கழித்த போல்ட் ரகத் துப்பாக்கிகளில் விலையும் குறைவாக, குறியும் தப்பாததாக எதை வாங்கலாம்?

ஜெர்மனியின் மவுசர், ரஷ்யாவின் மோசின் நகான், ஸ்வீடனின் மவுசர் என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் தவறாமல் இடம்பெறும் ஒரு பெயர் நம் ஊர் சினிமாவிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் பார்த்துப் பழகிய 'த்ரீ நாட் த்ரீ'. அதாவது லீ என்ஃபீல்ட்.

அந்தத் துப்பாக்கியில் அப்படி என்ன இருக்கிறது?

லீ என்பது ஆளின் பெயர். ஜேம்ஸ் பாரிஸ் லீ, 1831ல் ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்து அமெரிக்காவில் வேலை செய்தவர். என்ஃபீல்ட் என்பது லண்டனுக்கு வடக்கே அரசு ஆயுத ஆலை இருந்த ஊர். இரண்டும் சேர்ந்து 1895ல் லீ என்ஃபீல்ட் ஆனது. 1907ல் வந்த மார்க் 3 என்ற வடிவம்தான் முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுக்கப் பயன்பட்டது.

.303 என்பது குழலின் உள் விட்டம். ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 303 பங்கு, மில்லிமீட்டரில் 7.7. துப்பாக்கியின் எடை சுமார் 4 கிலோ, நீளம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். குண்டு மட்டும் 11 கிராம் சொச்சம். குழலை விட்டு வெளியே வரும்போது அதன் வேகம் நொடிக்கு 740 மீட்டருக்கு மேல்.

போல்ட் துப்பாக்கி என்றால் கதவுத் தாழ்ப்பாள் போல. கைப்பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளி, கீழே மடக்கினால் அடுத்த தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு குண்டுக்கும் கை வேலை செய்தாக வேண்டும். இதில் லீயின் தாழ்ப்பாள் மற்றவர்களுடையதைவிட வழுவழுப்பானது, இழுக்க வேண்டிய தூரமும் குறைவு. மவுசரில் 5 தோட்டா என்றால் இதில் 10. முதல் உலகப் போருக்கு முன்பு பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வைத்த பரீட்சையில், 300 கஜ தூரத்துக் குறியில் ஒரு நிமிடத்துக்குள் 15 முறை சுட வேண்டியிருந்தது.

குறி தப்பாது என்பதற்குச் சாட்சி வேண்டுமா? இரண்டாம் உலகப் போரில் ஆலையில் செய்த நம்பர் 4 ரகத் துப்பாக்கிகளில் நன்றாகச் சுடுபவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து, தொலைநோக்கி பொருத்தி, ஸ்னைப்பர் துப்பாக்கிகளாக மாற்றினார்கள். அவற்றில் பலவற்றைப் பிறகு 7.62 குழலுக்கு மாற்றினார்கள். அந்தத் துப்பாக்கி 1982 ஃபாக்லாந்து யுத்தம் வரை போனது. கனடாவின் வடதுருவப் பக்கத்து ரேஞ்சர்கள் 1947லிருந்து எழுபது வருடம் இதைத்தான் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். அந்தக் கடுங்குளிரிலும் அது வேலை செய்தது.

பழையதை வாங்குபவர்கள் சில விஷயங்களைக் கட்டாயம் பார்ப்பார்கள். குழலுக்குள் வெளிச்சம் விட்டு, உள்ளே சுற்றிச் சுற்றிப் போகும் வரிகள் கூர்மையாக இருக்கின்றனவா, துரு தின்ற குழிகள் உண்டா என்று பார்ப்பது முதல் வேலை. அந்தக் காலத்துத் தோட்டா வெடித்ததும் குழலுக்குள் ஒருவித உப்பு படியும். சுட்ட அன்றே கழுவாவிட்டால் துரு நிச்சயம். அடுத்து, தாழ்ப்பாளில் உள்ள எண்ணும் உடம்பில் உள்ள எண்ணும் ஒன்றா? வேறு துப்பாக்கியின் தாழ்ப்பாளை மாட்டியிருந்தால், தோட்டா உட்காரும் இடத்தில் இடைவெளி கூடிப்போய் கூடு வெடிக்கக்கூடும். மூன்றாவது, மரக்கட்டை குழலோடு சரியாகப் பொருந்தியிருக்கிறதா? மரம் உப்பினாலோ சுருங்கினாலோ குறி நகர்ந்துவிடும். வெளிப் பளபளப்பைப் பார்த்து வாங்குகிறவர்தான் ஏமாறுவார்.

அருவங்காடு, இச்சாப்பூர்

இந்தத் துப்பாக்கிக்கும் தமிழ்நாட்டுக்கும் நேரடி உறவு உண்டு. .303 தோட்டாவுக்குள் இருந்த புகையில்லா மருந்துக்கு கார்டைட் என்று பெயர். நூல் நூலாக, சேமியா மாதிரி இருக்கும். அதைத் தயாரிக்க 1903ல் நீலகிரியில் குன்னூர்ப் பக்கத்தில் ஆலை தொடங்கினார்கள். அதுதான் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை. ஊட்டி மலை ரயிலில் போகிறவர்கள் அருவங்காடு ஸ்டேஷனைத் தாண்டித்தான் போக வேண்டும்.

துப்பாக்கி செய்த இடம் வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள இச்சாப்பூர். அங்கே 1904ல் ரைபிள் ஆலை வந்தது. பக்கத்து ஊர் பாரக்பூர். 1857 மார்ச் 29ம் தேதி மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கிய அதே பாரக்பூர்!

இங்கேதான் கதை வேறு பக்கம் திரும்புகிறது.

ஒரு தலைமுறை பின்னால்

1857 கலகத்துக்குத் தீப்பொறியாக இருந்தது கொழுப்புத் தடவிய என்ஃபீல்ட் தோட்டா என்பது பள்ளிப் பாடம். கலகம் அடங்கிய பிறகு நடந்தது பாடத்தில் அவ்வளவாக வருவதில்லை. குழலுக்குள் வரிகள் வெட்டிய என்ஃபீல்ட் துப்பாக்கி தூரத்துக் குறியையும் அடிக்கும். அதை இந்தியச் சிப்பாயிடம் கொடுக்க ஆங்கிலேயர்களுக்கு இனி மனமில்லை. எனவே அதே வடிவத்தில், குழலின் வரிகளை மட்டும் எடுத்துவிட்டு வழுவழுப்பாக்கிய துப்பாக்கியை 1859 மாதிரி என்று இந்தியாவுக்கென்றே கொண்டுவந்தார்கள். பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். ஆனால் தூரத்தில் குறி நிற்காது. பீரங்கிப் படையையும், சில மலைப் பீரங்கிப் பிரிவுகள் தவிர, வெள்ளையர் கையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

அதன்பின் இதுவே வழக்கமானது. வெள்ளைச் சிப்பாய்க்கு மார்ட்டினி ஹென்றி வந்தபோது அவன் விட்ட ஸ்னைடர் இந்தியச் சிப்பாய்க்கு வந்தது. வெள்ளைச் சிப்பாய்க்கு லீ மெட்ஃபோர்ட் வந்தபோது மார்ட்டினி இந்தியனுக்கு இறங்கியது. அண்ணன் போட்ட சட்டை தம்பிக்கு வருவது போல! 1914ல் பிரான்சுக்குப் போன இந்தியப் படைகள் மார்சேய் துறைமுகத்தில் இறங்கிய பிறகுதான் அவர்கள் கைக்குப் புதிய ரகத் துப்பாக்கிகள் வந்தன. ஐரோப்பியப் போர்க்களத்தில் இந்தியனின் உயிர் வெள்ளையனுக்குத் தேவைப்பட்டபோது அந்த ஒரு தலைமுறை இடைவெளி துறைமுகத்திலேயே மறைந்துபோனது.

சிப்பாய்க்கே இந்த நிலை என்றால் சாதாரண ஜனங்களுக்கு? 1878ல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் ஆயுதம் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். இந்தப் பாரபட்சத்தை எதிர்த்த முக்கியமான குரல்களில் ஒன்று நம் ஊரில்தான் எழுந்தது. 1887ல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மாநாட்டில் பிபின் சந்திர பால் இந்தச் சட்டத்தை நீக்கக் கோரிப் பேசினார். சட்டம் நீங்கவில்லை.

.315ம் .410ம்

லைசென்ஸ் கிடைத்தவர்களுக்கும் ஒரு தடை வந்தது. ராணுவத் தோட்டா போடக்கூடிய துப்பாக்கி வெளியாட்களிடம் இருந்தால், திருடிய ராணுவத் தோட்டாவை அதில் பயன்படுத்தலாம் அல்லவா? அதனால் .303 போன்ற ராணுவ அளவுகள் மூடப்பட்டன. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? லீயின் அதே தாழ்ப்பாளை வைத்துக்கொண்டு, குழலை மட்டும் 8 மில்லிமீட்டருக்கு மாற்றி, .315 என்று விற்றார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அரசு ஆயுத ஆலைகளும் அந்த .315 வேட்டைத் துப்பாக்கியைச் செய்தன. உடம்பு த்ரீ நாட் த்ரீ, குழல் மட்டும் வேறு.

போலீசுக்கும் சிறைக் காவலர்களுக்கும் இன்னொரு விசித்திரம் காத்திருந்தது. இச்சாப்பூரில் பழைய .303 துப்பாக்கிகளின் குழலைக் குடைந்து, வரிகள் இல்லாத .410 மஸ்கெட்டாக மாற்றினார்கள். பத்துத் தோட்டா மேகசின் இடத்தில் மரக்கட்டையை வைத்து அடைத்தார்கள். ஒரு முறைக்கு ஒரே தோட்டா. கூட்டத்தைக் கலைக்கும் தூரத்துக்குப் போதும், அதற்கு மேல் உதவாது. காவலர்களே கிளம்பிவிட்டாலும் பெரிய ஆபத்து இல்லை. நல்ல துப்பாக்கி ஒன்றைக் காசு செலவழித்துக் கெடுத்துக் கொடுத்தார்கள் என்றால் கேட்கவே வேடிக்கையாக இருக்கிறது. காஞ்சிக் குளத்தில் பீரங்கியைப் போட்ட அதே கணக்குதான்.

சிங்கப்பூரில் கைமாறியது

ஆனால் இந்தக் கணக்கு ஒருமுறை பெரிதாகத் தப்பியது. 1942 பிப்ரவரி 15ம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மன்றோவுக்குக் கிடைத்த அவகாசம் கூட அங்கே கிடைக்கவில்லை. பிரிட்டிஷார் விட்ட ஆயுதங்களில் ஒரு பகுதி இந்திய தேசிய ராணுவத்தின் கைக்கு வந்தது.

1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. தலைமை சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர்த் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். அதுவரை பால்வெட்டும் கத்தியைப் பிடித்த கைகள் .303 பிடித்துக் குறி பார்க்கக் கற்றுக்கொண்டன. நான்கு கிலோ துப்பாக்கியும், சுட்டதும் தோளில் விழும் அதன் உதையும் அவர்களுக்குப் பழகிப்போயின. அவர்கள் யாரும் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கவில்லை. கிடைத்தது அதுதான். ஆனால் 1859லிருந்து நல்ல துப்பாக்கி யாரிடம் போகக் கூடாது என்று அரசு பயந்ததோ, அவர்களிடமே அது போனது.

சுதந்திரத்துக்குப் பிறகு

வெள்ளையர் போன பின் எல்லாம் மாறியிருக்க வேண்டும். முழுதாக மாறவில்லை. 1962 சீன யுத்தத்தில் நம் ஜவான்கள் பெரும்பாலும் .303 வைத்தே போரிட்டார்கள். எதிரே தானாகத் தோட்டா ஏறும் துப்பாக்கிகள். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் எஸ்.எல்.ஆர். வேகமாக வந்தது. அது போதுமான அளவு வரும்வரை சமாளிக்க, இச்சாப்பூர் ஆலை பழைய லீ என்ஃபீல்டையே உறுதியான எஃகில் 7.62 தோட்டாவுக்கு மாற்றிச் செய்தது. அதுதான் 2ஏ, 2ஏ1. மேகசினில் 12 தோட்டா. 2000 மீட்டர் வரை இருந்த குறிமானியை 2ஏ1ல் 800 மீட்டராக, நடைமுறைக்கு ஏற்றபடி குறைத்தார்கள். பின்னாளில் இந்தியா கழித்த இந்தத் துப்பாக்கிகள் அமெரிக்கச் சந்தைக்குப் போய், மலிவான, நம்பகமான சரக்கு என்று பெயர் வாங்கின.

ராணுவம் கழித்த .303கள் உள்நாட்டில் போலீசுக்கு இறங்கின. மறுபடியும் அண்ணன் சட்டை தம்பிக்கு! பல வருடம் யாருக்கும் இது உறுத்தவில்லை. 2008 நவம்பர் 26ம் தேதி இரவு மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் உறுத்தியது. இரண்டு பயங்கரவாதிகள் கையில் ஏ.கே. ரகம். அங்கிருந்த காவலர்கள் கையில் லத்தியும் சில .303களும். ஒவ்வொரு குண்டுக்கும் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ள வேண்டிய துப்பாக்கியோடு அவர்கள் எதிர்த்து நின்றார்கள். 50க்கும் மேற்பட்டோர் அந்த நிலையத்தில் செத்தார்கள். 300 கஜத்தில் குறி தப்பாத துப்பாக்கிதான். ஆனால் அங்கே தேவைப்பட்டது அந்தத் திறமை இல்லை. உத்தரப்பிரதேச போலீஸ் .303க்கு விடை கொடுத்தது 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான்.

மறுபக்கமும் இருக்கிறது

அப்படியானால் பழைய துப்பாக்கியை எல்லோருக்கும் தாராளமாகக் கொடுத்துவிட வேண்டுமா? அதையும் உலகம் பார்த்திருக்கிறது. 1963ல் சிகாகோ கடை ஒன்றின் விளம்பரத்தைப் பார்த்து, பொய்ப் பெயரில், தபால் மூலம் ஒருவன் இத்தாலி ராணுவம் கழித்த போல்ட் துப்பாக்கி ஒன்றை வாங்கினான். தொலைநோக்கியோடு விலை 19 டாலர் 95 சென்ட். தபால் செலவு ஒன்றரை டாலர். அந்தத் துப்பாக்கியால்தான் அதே வருடம் நவம்பர் 22ம் தேதி அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். மலிவு, குறி தப்பாதது. இரண்டும் நிரூபணமானது. 1968ல் அமெரிக்கா இப்படித் தபாலில் துப்பாக்கி விற்பதைச் சட்டம் போட்டு நிறுத்தியது.

இந்தியாவில் 1959ம் வருட ஆயுதச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. 1878 சட்டத்தின் நிறவெறி இதில் இல்லை. ஆனால் அளவுத் தடை இருக்கிறது. .303, 7.62 ரைபிள்கள் மட்டுமல்ல, பாவம் அந்த .410 மஸ்கெட்டும் கூட தடைப் பட்டியலில் உண்டு! 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வங்கி வாசலில் காவலாளி தோளில் தொங்கும் இரட்டைக் குழல் துப்பாக்கிதான் காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் அருகில் பார்க்கக்கூடிய அதிகபட்சம். அதில் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் பாக்கி. பழைய துப்பாக்கியை ஜனங்களுக்குக் கொடுக்கலாமா என்று 150 வருடமாக யோசித்த அரசாங்கங்கள், அதே பழைய துப்பாக்கியைத் தன் சிப்பாய்க்கும் காவலருக்கும் கொடுக்கும்போது ஒருமுறையும் யோசித்ததாகத் தெரியவில்லை. வெளிநாட்டில் கடைக்காரரிடம் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்து வாங்குகிறவருக்கு, பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்ல முடியும். 1859 சிப்பாய்க்கும், 1962 ஜவானுக்கும், 2008ல் ரயில் நிலையத்தில் நின்ற கான்ஸ்டபிளுக்கும் அந்த வசதி இல்லை. மலிவான துப்பாக்கியின் உண்மையான விலையை யார் கொடுத்தார்கள் என்று கணக்குப் பார்த்தால், வாங்கியவரின் பெயர் அதில் இருக்காது. தூக்கிக்கொண்டு நின்றவரின் பெயர்தான் இருக்கும்.